ஸ்ட்ரவுட் வளர்த்த பிள்ளைகள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். சிமரான் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துக் கட்டடத்துச் சுவரில் அந்த மரத்தை வரைந்தது, தலைமைப் பயிற்சியாளர் வெண்டல் ஸ்ட்ரவுட் முதல் முறை கோப்பை வென்ற வருடமா, இரண்டாம் முறை வென்ற வருடமா? ஊரில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். அவருடைய துணைப் பயிற்சியாளன் லாரன் பெட்ராக் அந்தச் சமயத்தில் நொண்டிக்கொண்டிருந்தானா, நொண்டுவதை விட்டுவிட்டானா என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. ஆனால் அவன் நொண்டினான். அதில் சந்தேகமில்லை. எல்லாரும் நொண்டினார்கள்.

ஸ்ட்ரவுட்டுக்கு இடது முட்டியில் கோளாறு. மைதானத்தின் ஓரத்தில் காலை இழுத்து இழுத்து நடப்பார். அவரிடம் துணைப் பயிற்சியாளராகச் சேர்கிறவர்கள் முதல் பருவத்தில் நேராக நடப்பார்கள். இரண்டாம் பருவத்தில் அவர்களுக்கும் இடது கால் இழுக்கத் தொடங்கும். யாரும் அப்படி நடக்கச் சொன்னதில்லை. ஒரு மனிதரைப் போலப் பெரிய ஆளாக வேண்டும் என்றால் அவரிடம் எது பெருமை, எது வியாதி என்று பிரித்துப் பார்க்க நேரம் ஏது? பிறகு ஸ்ட்ரவுட் துல்சாவுக்குப் போய்ப் புது முட்டி வைத்துக்கொண்டு, சிப்பாய் போல நேராக நடந்து திரும்பி வந்தார். துணைப் பயிற்சியாளர்கள் தனியாகக் கூடிப் பேசி, ஒரேயடியாக நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று, மாதத்துக்குக் கொஞ்சமாக நொண்டலைக் குறைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே வேறு கல்லூரிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போய்விட்டவர்களுக்குத்தான் தகவல் போகவில்லை. அவர்கள் இன்றுவரை நொண்டுகிறார்கள்.

அவர்களுடைய பெயர்கள்தான் அந்த மரத்தில் இருந்தன. பெரிய ஓக் மரம். அடிமரத்தில் ஸ்ட்ரவுட்டின் முகம். அவரிடம் வேலை கற்றுத் தலைமைப் பயிற்சியாளர் ஆன ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை இலை. வேலை போனவர்களின் இலையைக் கழற்றி வேருக்குக் கீழே பதித்துவிடுவார்கள். அந்த இடத்தில் ‘வேருக்கு உரம்’ என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. நன்கொடை தருகிறவர்களை அழைத்து வந்து காட்டும்போது ஸ்ட்ரவுட் அந்த எழுத்தின் மேல் கை வைத்துத் தலை குனிந்து நிற்பார்.

அவரிடம் வளர்வதற்கு ஒரு முறை இருந்தது. முதல் வருடம் ஐஸ். ஆட்டத்தின்போது அவர் மெல்லுகிற பொடி ஐஸ், நெடுஞ்சாலை ஓரத்துக் கடையிலிருந்துதான் வர வேண்டும், வேறு கடை ஐஸ் பல்லுக்குத் தெரிந்துவிடும். “சின்ன விஷயத்துல கவனமா இருக்கறவன்தான் நாளைக்குத் தலைவன்” என்பார். இரண்டாம் வருடம் அவருடைய டிரக்கை ஓட்டுவது. அதற்கு மேல் ஆளுக்குத் தக்கபடி. பெட்ராக்குக்குக் கிடைத்தது பெல்ட்.

மைதானத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறது. பயிற்சியாளர் அதைத் தாண்டி உள்ளே போனால் அணிக்குப் பதினைந்து கெஜம் தண்டனை. ஸ்ட்ரவுட்டுக்குக் கோபம் வந்தால் கோடு தெரியாது. அதனால் பின்னால் ஒருவன் அவருடைய இடுப்பு பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் பாய்ந்தால் இழுக்க வேண்டும், நடந்தால் கூடவே நடக்க வேண்டும். ஒன்பது பருவங்களாக பெட்ராக் அதைச் செய்தான். ஒன்பது பருவக் கால்பந்தையும் ஸ்ட்ரவுட்டின் வலது காதுக்கு அப்பால் தெரிந்த அளவுக்குத்தான் பார்த்திருந்தான்.

“இன்னும் எத்தன வருஷம் அந்தாளு இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கப் போற?” என்று ட்வைலா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். அவள் அவனுடைய மனைவி. அவனுக்காக ஊர் ஊராக வீடு மாறி, கடைசி இரண்டு முறை சில பெட்டிகளைப் பிரிக்காமலே விட்டிருந்தாள்.

“அது பொறுப்பான வேலை, ட்வைலா.”

“நம்ம கல்யாணத்துல டான்ஸ் ஆடறப்ப என் இடுப்பப் புடிச்ச. மூணு நிமிஷத்துல கை வலிக்குதுன்ன.”

பெட்ராக் பொரித்த வெண்டைக்காயை ஒதுக்கி வைத்தான். அவனுக்குப் பேச்சு உடனே வராது. ட்வைலாவுக்கு அது தெரியும். அதனால் அவன் பங்கையும் அவளே பேசிவிடுவாள்.

“‘அடுத்த வருஷம் கண்டிப்பா’ன்னு சொல்லப் போற. வேணாம். இந்தக் குளிர்காலம்தான் கெடு. அதுக்குள்ள எங்கயாவது ஒரு காலேஜுக்குத் தலைமை கோச் ஆயிடு. இல்லன்னா ஈனிட்ல எங்கண்ணன் கார்ப்பெட் கடைக்குப் போயிடலாம். அங்கயும் கெஜக் கணக்குதான். உனக்குப் பழகின வேல.”

அவள் சிரித்தாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

வசந்த காலம்தோறும் ஸ்ட்ரவுட் ஓர் ஒத்திகை நேர்காணல் நடத்துவார். யாரோ ஒரு கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் மாதிரி கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பார். துணைப் பயிற்சியாளர்கள் தங்கள் கொள்கைகளை எழுதிய தடித்த கோப்போடு வந்து பதில் சொல்ல வேண்டும். எல்லாக் கோப்புகளிலும் ஒரே கொள்கைதான். பக்க எண்கூட மாறாது.

“மிஸ்டர் பெட்ராக், உங்க அணி முதல் பாதியில மோசமா தோத்துக்கிட்டிருக்கு. என்ன செய்வீங்க?”

“கோச் ஸ்ட்ரவுட் என்ன செய்வாருன்னு யோசிப்பேன்.”

“நல்லது. ரெண்டாம் பாதியிலயும் தோத்துக்கிட்டிருக்கீங்க.”

“கோச் ஸ்ட்ரவுட்டுக்கு போன் பண்ணுவேன்.”

“ஆட்டம் நடக்கறப்ப போன் பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கே.”

பெட்ராக் யோசித்தான். “ஆட்டம் முடிஞ்சதும் போன் பண்ணி மன்னிப்புக் கேப்பேன்.”

ஸ்ட்ரவுட் டையைத் தளர்த்தினார். கண் கலங்கியிருந்தது. “இதத்தான்யா நான் எல்லாருக்கும் சொல்றேன்” என்றார்.

அந்த டிசம்பரில்தான் ஹார்லன் கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானது. கான்சாஸ் எல்லையோரம் கோதுமை வயலுக்கு நடுவே இருக்கிற சின்னக் கல்லூரி. அதன் விளையாட்டு இயக்குநர் மார்லா குவின்டன் பெட்ராக்கை நேரில் பார்த்துப் பேசினாள். அவனுடைய மௌனங்களை ஆழம் என்று எடுத்துக்கொண்டாள். “எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. எங்க நிர்வாகக் குழுவுக்கு மட்டும் ஸ்ட்ரவுட் வாயால ஒரு வார்த்த வேணும்” என்றாள்.

பெட்ராக் ஸ்ட்ரவுட்டிடம் போய் நின்றான்.

“ஹார்லனா?” ஸ்ட்ரவுட் சுவரில் மாட்டியிருந்த அடுத்த பருவத்து ஆட்ட அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார். “நமக்கும் ஹார்லனுக்கும் ஆட்டமே இல்லயேப்பா. அங்க போயி என்ன பண்ணப் போற?”

“தலைமை கோச்சா இருப்பேன், கோச்.”

“நீ இன்னும் பழுக்கல தம்பி. காயப் பறிச்சா மரத்துக்கு அவமானம். இன்னும் ஒரு வருஷம் இரு.”

ஆட்டத்துக்கும் பழுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று பெட்ராக்குக்கு அப்போது விளங்கவில்லை. அந்த வாரம் நன்கொடையாளர்களின் மதிய விருந்தில் விளங்கியது. சுட்ட மாட்டிறைச்சியும் பீன்ஸும் பரிமாறி முடிந்ததும் ஸ்ட்ரவுட் எழுந்து பேசினார்.

“மத்த கோச்சுங்க கோப்பையப் பத்திப் பேசுவாங்க. நான் பிள்ளைங்களப் பத்திப் பேசறேன். என்கிட்ட கத்துக்கிட்டுப் போனவங்க எல்லாரும் எனக்கு எதிரா ஆடியிருக்காங்க. ஒருத்தன்கூட, ஒரு தடவகூட, என்னை ஜெயிச்சதில்ல. ஒரு வாத்தியாருக்கு இதவிட என்ன மரியாத வேணும்?”

பலத்த கைதட்டல்.

“எப்படி கோச், எப்படி கோச்ன்னு கேக்கறாங்க. இதுல ரகசியமே இல்ல. அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். ஏன்னா நான் அத மட்டும்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். சில பேரு, சொந்தமா யோசிக்கச் சொல்லிக் குடுக்கணும்ங்கறாங்க. அது பொறுப்பில்லாத்தனம். ஒரு பையன் சொந்தமா யோசிச்சித் தோத்துட்டான்னு வைங்க, அந்தப் பழி யாரு மேல வரும்? யோசிக்காமத் தோத்தா மனசாவது சுத்தமா இருக்கும்.”

சில பெரியவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பெட்ராக்கும் கைதட்டினான். அவனுடைய கைகளுக்கு அது பழக்கம்.

பிறகு அவன் வாகன நிறுத்தத்தில் தன் டிரக்கில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். காற்று வண்டியை லேசாக ஆட்டியது. ஒவ்வொரு இலையாக நினைத்துப் பார்த்தான். ஒவ்வொருவரும் வேலையில் சேர்ந்த அடுத்த செப்டம்பரில் சிமரானுக்கு வந்து தோற்றிருந்தார்கள். அவனுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டுமோ என்று காத்திருந்து பார்த்தான். வந்ததெல்லாம் ட்வைலாவின் முகமும், அவள் அண்ணன் கடையில் சுருட்டி நிறுத்தியிருக்கும் கம்பளங்களும்தான். கடைசியில் போனை எடுத்தான்.

“மிஸ் குவின்டன், அடுத்த செப்டம்பர் உங்க அணியக் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்து ஆட முடியுமா?”

மறுமுனையில் மார்லா சிரித்தாள். “எங்க பசங்க உங்க பசங்க தோளுக்குக்கூட வர மாட்டாங்களே.”

“அதனாலதாங்க.”

“ஓ. அடி வாங்கிட்டுப் போறதுக்குப் பணம் தர்ற ஆட்டமா?” அவள் குரல் உடனே காரியத்துக்கு வந்தது. பெரிய கல்லூரிகள் பருவத்தின் தொடக்கத்தில் சின்னக் கல்லூரிகளைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு, வீட்டு ரசிகர்கள் முன்னால் வெளுத்து அனுப்புவது அங்கே வழக்கம். “நல்லாத் தருவாங்களா? எங்க பேண்டு வாத்தியக்காரங்க டிரம்முல டேப்பு ஒட்டி அடிச்சிக்கிட்டிருக்காங்க.”

“நல்லாவே தருவாங்க.”

“அப்ப வர்றோம். ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்க தோல்விக்கு நாள் குறிக்கிறீங்களே, இது எந்த ஊரு வழக்கம்?”

“இந்த ஊரு வழக்கம்தாங்க” என்றான் பெட்ராக்.

அட்டவணையில் ஹார்லனின் பெயர் ஏறிய மறுநாள் காலை ஸ்ட்ரவுட் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கும்போது தோணிச்சிப்பா. நீ பழுத்துட்ட.”

“நன்றி, கோச்.”

“பாரு, ஒரே வாரத்துல எப்படிப் பழுத்துட்ட! சில பழம் அப்படித்தான்.”

அவன் முன்னாலேயே மார்லாவுக்குப் போன் போட்டு, அவனும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். தன் சிறுவயது வறுமையிலிருந்து தொடங்கினார். தான் ஆடிய காலம், தன் முட்டி, தன் கோப்பைகள், தன் மரம். ஜன்னல் வழியே வந்த வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நகர்ந்தது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆமா, நீங்க எந்தப் பையனப் பத்திக் கேட்டீங்க?” என்றார்.

“லாரன் பெட்ராக்.”

“அருமையான பையன். நல்லாப் புடிப்பான்.”

“எதை?”

“என்னைத்தான்.”

வேலை கிடைத்தது. பித்தளை இலை ஏறிய நாளில் எல்லாருக்கும் கேக் வெட்டினார்கள். ட்வைலா பெட்டிகளைக் கட்டினாள், ஏற்கெனவே கட்டியிருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

ஹார்லனில் அவனுக்கு வாய்த்த துணைப் பயிற்சியாளர் டெல்பர்ட் ரூக்ஸ். ஐம்பதைத் தாண்டியவர், காலையில் வடிவகணிதம் சொல்லிக்கொடுத்து, மாலையில் பயிற்சியும் பார்த்து, வெளியூர் ஆட்டத்துக்கு அணியின் பஸ்ஸையும் ஓட்டுவார். முதல் பயிற்சி ஆட்டத்திலேயே பெட்ராக் அவரைக் கூப்பிட்டுத் தன் பெல்ட்டைப் பிடிக்கச் சொன்னான்.

கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு டெல்பர்ட் கேட்டார். “கோச், நீங்க நின்ன எடத்த விட்டு நகரவே மாட்டேங்கறீங்க. நான் எதுக்குப் புடிக்கணும்?”

“பழகிக்குங்க. இது உங்க வளர்ச்சிக்கு.”

“எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட் கோச்.”

“அதுக்குள்ள பழுத்துடுவீங்க” என்றான் பெட்ராக். சொன்ன பிறகு அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று யோசித்தான். டெல்பர்ட் ஐஸ் வாங்கி வந்து கொடுத்தார். அதையும் மென்றான்.

செப்டம்பர் வந்தது. சிமரான் மைதானத்தில் நல்ல வெயில் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு மேகமாக இருந்தது போல ஒரு நினைப்பு. ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். அப்படி ஒரு ஆட்டத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மைதானத்தின் இரண்டு கரையிலும் ஒரே மனிதர் நிற்பது போல இருந்தது. ஸ்ட்ரவுட் தொப்பியை இறக்கினால் எதிர்க்கரையில் பெட்ராக் தொப்பியை இறக்கினான். இரண்டு பேரும் ஒரே நொடியில் ஆட்டத்தை நிறுத்தக் கை தூக்கினார்கள். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நடுவர், அணிக்கு எண்ணித் தரும் இடைவேளைகளில் ஒன்றை இரண்டு பேரிடமும் கழித்துக்கொண்டார். ஸ்ட்ரவுட் எந்தப் பக்கம் பந்தை அனுப்பினாலும் ஹார்லன் பையன்கள் அங்கே முன்கூட்டியே நின்றார்கள். ஹார்லன் எங்கே அனுப்பினாலும் சிமரான் பையன்கள் நின்றார்கள். ரசிகர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள், பிறகு ஸ்கோர் பலகை பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டார்கள். தோள் உயரத்தால் மட்டும் சிமரான் மூன்று புள்ளி முன்னால் இருந்தது.

ஆட்டம் முடியச் சில நொடிகள். எப்படியோ பந்து சிமரான் எல்லைக்கு மூன்று கெஜம் தள்ளி ஹார்லன் கையில் இருந்தது. நான்காவது முயற்சி, கடைசி முயற்சி. இங்கே ஸ்ட்ரவுட் பாடம் தெளிவானது. பந்தோடு எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி என்று பேராசைப்படாதே, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளியை எடுத்துக்கொள், சமமாக்கு, பிறகு பெரிய உடம்புக்காரன் கூடுதல் நேரத்தில் உன்னைத் தின்னட்டும். உதைக்கிற ஆட்களைப் பெட்ராக் உள்ளே அனுப்பினான். அனுப்பிவிட்டு எதிர்க்கரையைப் பார்த்தான்.

ஸ்ட்ரவுட்டின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ‘எடுத்துக்கோ. குடுக்கறத எடுத்துக்கோ.’ பெட்ராக் தன் பையன்களிடம் சொல்ல வாயெடுத்த அதே வார்த்தைகள். அவனுக்கு ஒரு மூச்சு முந்தி, அவை அங்கே வேறொருவர் வாயில் சொல்லி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அவன் வாயை மூடிக்கொண்டான். ஹெட்செட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். இதில் தோற்றால் ஒரு தோல்விதான், தோற்கத்தானே வந்தார்கள். ஆனால் இதையும் அவர் சொன்னபடி செய்துவிட்டால், தனக்கென்று ஓர் அணி கிடைத்த பிறகும் அவன் அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கிறான். அவன் திரும்பிப் பார்த்தான். டெல்பர்ட் பெல்ட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“டெல்பர்ட், நீங்க என்ன சொல்றீங்க?”

டெல்பர்ட் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “நானா?”

“நீங்கதான்.”

“என்னை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லயே கோச்.”

“கேக்கறேன் இப்ப. சீக்கிரம்.”

“எல்லாத் தடியன்களும் ஒதையத் தடுக்க நடுவுல கூடிட்டானுங்க. எடது ஓரத்துல ஒருத்தனையும் காணோம். ஒதைக்கற மாதிரி பாவ்லா பண்ணிட்டு, பந்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமா ஓடச் சொன்னா என்ன?”

“தப்பாப் போயிட்டா?”

“சம்பளம் நீங்கதான வாங்கறீங்க.”

பெட்ராக்குக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது பருவங்களில் மைதான ஓரத்தில் அவன் சிரித்ததில்லை. “இடது பக்கம் ஓடச் சொல்லுங்க” என்றான்.

பந்தைப் பிடித்த பையன் பதற்றத்தில் வலது பக்கம் ஓடினான். அந்தப் பக்கமும் ஒருத்தரும் இல்லை.

ஹார்லன் ஜெயித்தது. ஸ்ட்ரவுட் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மைதானத்தின் நடுப்பகுதி வரை பாய்ந்து வந்துவிட்டார், அவருடைய பெல்ட்டைப் பிடித்திருந்த புதுப் பையன் புல்லில் இழுபட்டுக்கொண்டே கூட வந்தான். ஆட்டம் முடிந்துவிட்டதால் தண்டனை கிடைக்கவில்லை.

நிருபர்கள் கூடியபோது ஸ்ட்ரவுட் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்திருந்தார்.

“என்னை ஜெயிச்சது யாரு? நான் வளர்த்தவன். அப்படின்னா ஜெயிச்சது யாரு?” என்று அவர்களையே கேட்டார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

“அந்தக் கடைசி ஓட்டம், கோச்? அதயும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

“என்னென்ன செய்யக் கூடாதுன்னு ஒண்ணொண்ணா உக்கார வெச்சிச் சொல்லிக் குடுத்தேன். அதுல ஒண்ணத்தான் செஞ்சிருக்கான். வேற எங்க கத்துக்கிட்டிருப்பான்?”

பஸ்ஸில் மார்லா பெட்ராக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னால் பையன்கள் கூரையை இடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க லாரன்? தோக்கறதுக்குத்தான கூப்பிட்டாங்க. இனிமே எந்தப் பெரிய காலேஜ் நம்மளக் கூப்பிடும்?”

மார்லா ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்தாள்.

“சரி. இன்னைக்கு சந்தோஷமா இருந்துக்கறேன். திங்கக்கிழம கோவப்படறேன்” என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஹார்லனை அதற்குப் பிறகு எந்தப் பெரிய கல்லூரியும் அழைக்கவில்லை. வந்த பணத்தில் டிரம் மட்டும் வாங்கினார்கள். பெட்ராக் மூன்று பருவங்கள் இருந்தான், ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம், பிறகு மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். ஸ்ட்ரவுட் ஓய்வு பெற்று, டிராக்டர் விளம்பரங்களில் தலைமைப் பண்பு பற்றிப் பேசுகிறார். மார்லா விச்சிட்டாவில் பெரிய பதவிக்குப் போனாள். டெல்பர்ட் ஓய்வைத் தள்ளிப்போட்டு ஹார்லனின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஒவ்வொரு முடிவுக்கும் எல்லாரையும் அபிப்பிராயம் கேட்கிறார். ஆட்டத்தில் கிடைக்கிற இடைவேளைகள் முதல் பாதியிலேயே தீர்ந்துபோகின்றன. பஸ்ஸை இன்னும் அவர்தான் ஓட்டுகிறார். பெட்ராக்கும் ட்வைலாவும் ஈனிட்டில் வீடு வாங்கி அங்கேயே இருக்கிறார்கள். அவள் அண்ணன் கடையில் எந்தக் கம்பளம் நன்றாக இருக்கும் என்று யாராவது கேட்டால் பெட்ராக் தயங்காமல் சொல்கிறான். பாதி நேரம் அது சரியாகவே இருக்கிறது.